எவரெஸ்ட் அடிவாரமா, கிளிமஞ்சாரோவா, இல்லை 28 நாள் கோர்ஸா?

முதல் பெரிய மலைக்குப் போக ஆசைப்படுகிறவர்களின் குழப்பம் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் வந்து நிற்கிறது: நேபாளத்தில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் ட்ரெக், தான்சானியாவில் கிளிமஞ்சாரோ, இல்லாவிட்டால் உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ நடக்கும் அடிப்படை மலையேற்றப் பயிற்சி. மூன்றும் வேறு வேறு, ஒப்பிடவே கூடாது என்று சொல்லி நழுவிவிடலாம்தான், ஆனால் கையில் இருப்பது ஒரே லீவு, ஒரே சேமிப்பு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது 40க்குள், ஒரு மாதம் லீவும் கிடைக்கும் என்றால் கோர்ஸ். அது முடியாதவர்களுக்கு எவரெஸ்ட் அடிவாரம், அதுவும் நிதானமாக. கிளிமஞ்சாரோ கடைசியில்தான், எட்டு நாள் பாதைக்குப் பணம் சேர்ந்த பிறகு.

மீட்டர் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். கிளிமஞ்சாரோ 5,895, எவரெஸ்ட் அடிவாரம் 5,364, கோர்ஸில் போகிற உயரம் பெரும்பாலும் ஐயாயிரத்துக்கு உள்ளே அல்லது அதையொட்டி, ஆக கிளிமஞ்சாரோதான் பெரிது என்று டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். உடம்பு போடும் கணக்கு வேறு. அந்த உயரத்துக்கு எத்தனை ராத்திரி கொடுத்தீர்கள் என்பதுதான் அதற்கு முக்கியம். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் ஏறக்குறைய பாதி. மூச்சு வேகமாவது சில மணி நேரத்தில் நடந்துவிடும். அதனால் ரத்தத்தில் கூடும் காரத்தன்மையைச் சிறுநீரகம் சரிக்கட்டுவதற்கு நாட்கள் ஆகும். சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரக்கணக்கு. இதனால்தான் மலை மருத்துவர்கள், 3,000 மீட்டருக்கு மேலே போனால் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு ராத்திரி தங்கு என்கிறார்கள். மாரத்தான் ஓடுகிறவன், ஜிம்முக்குப் போகிறவன் என்றெல்லாம் இதில் சலுகை கிடையாது. தெம்பாக இருக்கிறவன்தான் முதல் இரண்டு நாள் வேகமாக ஏறி மூன்றாம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். ஊரிலேயே உயரத்துக்குப் பழகிக்கொள்ளலாமா என்று கேட்டால், வழியே இல்லை. தமிழ்நாட்டின் மிக உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். எவரெஸ்ட் பக்கம் விமானம் இறங்கும் லுக்லாவே 2,860. வெள்ளியங்கிரி ஏறி இறங்குவது காலுக்கும் நெஞ்சுக்கும் நல்ல பயிற்சி, ஆனால் உயரத்துக்குப் பழக அது உதவாது.

இப்போது கிளிமஞ்சாரோவின் மராங்கு பாதையைப் பாருங்கள். ஐந்து நாள் பேக்கேஜ், குடிசையில் மெத்தையோடு படுக்கை, மூன்றிலும் கேட்க இனிமையானது இதுதான். வாசல் 1,860 மீட்டர் வாக்கில். முதல் ராத்திரி மண்டாராவில் 2,720, இரண்டாவது ஹொரோம்போவில் 3,720, மூன்றாவது கிபோவில் 4,720, அதுவும் முழு ராத்திரி கிடையாது, நள்ளிரவில் எழுப்பிவிட்டு உச்சிக்குக் கிளப்பிவிடுவார்கள். அதாவது ஒவ்வொரு ராத்திரிக்கும் ஆயிரம் மீட்டர், நாலாம் நாள் விடியும்போது 5,895. மருத்துவர் சொன்ன கணக்குக்கு இரண்டு மடங்கு வேகம். இந்தப் பாதையில் நிறையப் பேர் உச்சி தொடாமல் திரும்புவதில் அதிசயமே இல்லை. ஹொரோம்போவில் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கும் ஆறு நாள் பேக்கேஜ் கொஞ்சம் பரவாயில்லை. மச்சாமே பாதையில் ஆறு அல்லது ஏழு நாள். லெமோஷோ எட்டு நாள், அதில் லாவா டவர் என்ற இடத்தில் பகலில் 4,600 வரைக்கும் ஏறிவிட்டு ராத்திரிக்கு பராங்கோவில் நாலாயிரத்துக்குக் கீழே இறங்கிப் படுக்கிறார்கள். உயரத்தில் நடந்து தாழ்வில் தூங்குவது உடம்புக்குப் பிடித்த ஏற்பாடு. அதனால் கிளிமஞ்சாரோ போவதென்றால் லெமோஷோ எட்டு நாள், இல்லாவிட்டால் மச்சாமே ஏழு நாள். இதற்குக் குறைவாக யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

உச்சிக்குப் போகும் அந்த ராத்திரி எல்லாப் பாதைக்கும் பொதுவானது. இருட்டில், உறைநிலைக்குப் பத்து டிகிரி அதற்கும் கீழே, சரளையில் ஆயிரத்து இருநூறு மீட்டர் ஏறி, விடியலில் உச்சி, அன்றைக்கே மூவாயிரத்துச் சொச்சம் மீட்டரில் உள்ள கேம்ப் வரைக்கும் இறக்கம். கயிறும் கிராம்பானும் (பனியில் வழுக்காமலிருக்க ஷூவில் மாட்டும் முள்) தேவையில்லை என்பதால் சுலபம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த ஒரு நாளில் முழங்கால் படும் பாட்டை இறங்கும்போது பாருங்கள்.

கிளிமஞ்சாரோவில் செலவு பெரும்பாலும் பூங்காவுக்கும் ஆட்களுக்கும்தான். வெளிநாட்டவர் கைடு இல்லாமல் ஏறக்கூடாது. பூங்காக் கட்டணம், கேம்ப் கட்டணம், வரி எல்லாம் சேர்த்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலருக்கு மேல் அரசுக்கே போய்விடும், எட்டு நாளுக்கு 800க்கு மேல். ஏறுகிற ஒரு ஆளுக்கு மூன்று நான்கு போர்ட்டர் வருவது சாதாரணம், டென்ட், கேஸ், சாப்பாடு, மேஜை நாற்காலி வரைக்கும் அவர்கள்தான் சுமக்கிறார்கள். இப்போது எவனாவது 1,200 டாலருக்கு எட்டு நாள் லெமோஷோ என்று மெயில் அனுப்பினால், மிச்சமிருக்கும் காசில் கைடுக்கும் சமையல்காரருக்கும் போர்ட்டர்களுக்கும் சம்பளம், எல்லோருக்கும் எட்டு நாள் சாப்பாடு, வண்டி, கம்பெனி லாபம் எல்லாம் எப்படி வரும்? வராது. வெட்டு விழுவது போர்ட்டர் கூலியில், அவர் சாப்பிடும் வேளையில், அவர் படுக்கும் டென்ட்டில். இதைக் கண்காணிக்கவே கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் புராஜெக்ட் என்ற அமைப்பு இருக்கிறது. சுமை 20 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, கூலி இவ்வளவுக்குக் குறையக்கூடாது, மூன்று வேளை சாப்பாடு என்று வரையறை வைத்து, அதன்படி நடக்கும் கம்பெனிகளின் பட்டியலும் வைத்திருக்கிறார்கள்.

பராங்கோ சுவர் என்று ஒரு இடம், கையை ஊன்றி ஏறவேண்டிய பாறை. நாம் இரண்டு கையாலும் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகரும் இடத்தில், முதுகில் தன் பை, தலையில் பாத்திர மூட்டை, காலில் தேய்ந்த ஷூ என்று ஒருவர் ஒரே கையைப் பாறையில் வைத்து நம்மைத் தாண்டிப் போவார், போகிற போக்கில் வணக்கமும் சொல்வார். நாம் கேம்புக்குப் போய்ச் சேரும்போது நமக்கான டென்ட் நின்றுகொண்டிருக்கும். இதைப் பார்த்த பிறகும் 1,200 டாலருக்குப் பேரம் பேசிய பெருமையை ஊரில் சொல்லிக்கொள்ள முடிந்தால், சரி, உங்கள் சாமர்த்தியம்.

மலையின் தெற்குச் சரிவில் இருப்பவர்கள் சாகா மக்கள். வாழையும் காபியும் ஒன்றாக வளரும் வீட்டுத் தோட்டங்கள், காட்டிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த பாசனம் என்று பழைய விவசாய நாகரிகம். 1889இல் ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் உச்சியைத் தொட்டதாகப் புத்தகங்கள் சொல்லும். அவர்களுக்கு வழிகாட்டியதாக அந்த ஊர் கொண்டாடுவது மராங்குவைச் சேர்ந்த யோஹானி லாவோவை. எட்டு நாள் பாதையில் போகிறவர்கள் மலைக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு நாளை இந்தத் தோட்டங்களில் செலவழிக்கலாம், பலர் நேராக விமான நிலையத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

உச்சியில் பனி இருக்கும்போதே பார்த்துவிடவேண்டும் என்பது கிளிமஞ்சாரோவை விற்பவர்கள் சொல்லும் இன்னொரு காரணம். 1912இல் இருந்த பனிப்பரப்பில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் போய்விட்டது, 2050க்குள் மிச்சமும் போய்விடும் என்று யுனெஸ்கோ 2022இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அது நிஜம். ஆனால் கீழே இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் பெரும்பாலும் பனியாற்றிலிருந்து வருவதில்லை, மேகத்தைப் பிடித்து நிறுத்தும் காட்டிலிருந்து வருகிறது. காடு மேல் பக்கத்திலிருந்து தீயில் எரிந்து சுருங்குவதுதான் அவர்களுக்குப் பெரிய நஷ்டம், 2020 அக்டோபரில் நடந்த தீ அதில் ஒன்று. கரைகிற பனியைப் பார்க்க விமானமேறிப் போவதில் இருக்கும் முரண்பாட்டை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், நான் அதற்குள் இறங்கவில்லை.

எவரெஸ்ட் அடிவாரத்துக்கு வருவோம். முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும்: பேஸ் கேம்பில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது, பக்கத்து மலைத்தோள் மறைத்துவிடும். உச்சியைப் பார்க்க கோரக்‌ஷெப்பிலிருந்து காலா பத்தர் மேட்டுக்கு ஏறவேண்டும், 5,500 மீட்டரைத் தாண்டும் அந்த மேடுதான் இந்த ட்ரெக்கின் உண்மையான உயரம். அக்டோபரில் போனால் பேஸ் கேம்பில் டென்ட்டுகளும் பெரும்பாலும் இருக்காது, கல்லும் பனியும் பிரார்த்தனைக் கொடிகளும்தான். ஏப்ரல், மே மாதங்களில் மஞ்சள் டென்ட்டு ஊரே இருக்கும். உச்சிக்குப் போனாயா என்று சித்தப்பா கேட்டால் இல்லை என்றுதான் பதில் சொல்லவேண்டும், அதைத் தாங்க முடியாதவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கவேண்டாம்.

ஆனால் ராத்திரிக் கணக்கு அழகாக இருக்கிறது. பக்டிங் 2,610, நாம்சே 3,440இல் இரண்டு ராத்திரி, தெங்போச்சே 3,860 வாக்கில், டிங்போச்சே 4,410இல் இரண்டு ராத்திரி, லோபுச்சே 4,940, கோரக்‌ஷெப் 5,160 வாக்கில். ஏறுவதற்கு மட்டும் எட்டு நாள். பாதையே பழகப் பழக ஏறுகிற மாதிரி அமைந்திருக்கிறது. இதையும் சுருக்கி விற்கிறவர்கள் உண்டு, டிங்போச்சே இரண்டாவது ராத்திரியை வெட்டி ஒன்பது நாளில் முடித்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். இன்னும் முக்கியம், தலைவலி வந்தால் கீழே ஒரு ஊர் இருக்கிறது, அங்கே லாட்ஜ் இருக்கிறது, இரண்டு மணி நேரம் இறங்கி ஒரு ராத்திரி தூங்கிவிட்டு மறுபடி ஏறலாம். ஃபெரிச்சேயில் 1973லிருந்து உயர நோய்க்கென்றே ஒரு மருத்துவ மையம் சீசனில் இயங்குகிறது. கிளிமஞ்சாரோவில் இந்த நெகிழ்வு கிடையாது, பெர்மிட் நாளுக்கு நாள், தலைவலி என்றால் திரும்பிப் போவதுதான்.

சாயங்காலம் லாட்ஜ் சாப்பாட்டு அறை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் இந்த ட்ரெக் உங்களுக்கு ஒத்துவருமா என்று சொல்ல முடியும். நடுவில் ஒரு இரும்பு அடுப்பு, லாட்ஜ்காரம்மா யாக் சாணி வறட்டியை அள்ளிப் போடுவார், அடுப்பைச் சுற்றிக் கொடியில் ஈர சாக்ஸ் தொங்கும், அந்த வாடையையும் மீறி பூண்டு சூப் வாசம் வரும். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டரை ஒருவர் எடுப்பார், அது மேஜை முழுக்கச் சுற்றும், எனக்கு 84, உனக்கு எவ்வளவு என்று பரீட்சை மார்க் மாதிரி ஒப்பிட்டுக்கொள்வார்கள். எண் நன்றாக வந்தவனும் மறுநாள் வாந்தி எடுப்பதுண்டு, எண்ணை விட தலைவலி, பசியின்மை, தள்ளாட்டம் இந்த மூன்றையும் கவனிப்பது நல்லது. எட்டு மணிக்கு அடுப்பு அணைந்துவிடும், அறைக்குப் போனால் தண்ணீர் பாட்டில் காலையில் கல்லாகியிருக்கும். கழிப்பறை எல்லா இடத்திலும் ஒரே தரமாக இருக்காது. சைவக்காரர்களுக்கு இந்தப் பாதை நிம்மதி: பருப்பும் சோறும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். அசைவக்காரர்களும் மேலே போகப் போகச் சைவமாகிவிடுவது நல்லது, அந்தப் பள்ளத்தாக்கில் ஆடு மாடு அறுக்கும் வழக்கம் இல்லை, இறைச்சி கீழேயிருந்து ஆள் முதுகில் நாள்கணக்கில் வந்தது.

இந்தியர்களுக்குச் செலவிலும் இங்கே சாதகம். விசா வேண்டாம். சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கு சார்க் நாட்டவர் கட்டணம் 1,500 நேபாள ரூபாய், நம் காசுக்கு ஆயிரத்துக்கும் கீழே. உள்ளூர் நகராட்சிக்கு ஒரு கட்டணம் தனி. அறை வாடகை குறைவு, சாப்பாட்டு விலை மட்டும் உயரத்தோடு ஏறும். எதிர்பாராத செலவு என்றால் லுக்லா விமானம்தான். மேகம் இறங்கினால் பறக்காது, சீசனில் காத்மாண்டுவிலிருந்து இல்லாமல் நாலைந்து மணி நேரம் தள்ளி ராமேசாப்பிலிருந்து கிளம்பும். திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு மூன்று நாளைச் சும்மா விட்டுவையுங்கள். இன்ஷூரன்ஸ் வாங்கும்போது எத்தனை மீட்டர் வரைக்கும் செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள், சாதாரண டிராவல் பாலிசி பலவற்றில் மலை உயரத்துக்கு வரம்பு இருக்கும். ஹெலிகாப்டரில் ஏற்ற அவசரப்படுகிற ஆட்களிடமும் ஜாக்கிரதை. இல்லாத நோய்க்கு ஹெலிகாப்டர் வரவழைத்து இன்ஷூரன்ஸில் பணம் கறக்கும் மோசடியை 2018இல் நேபாள அரசே விசாரித்தது.

சுமை தூக்குகிறவர்கள் விஷயத்தில் நேபாளம் தான்சானியாவை விட உத்தமம் என்று சொல்ல மாட்டேன். லாட்ஜும் கடையும் ஷெர்பா குடும்பங்களுடையவை, ஆனால் பை தூக்குகிறவர் பெரும்பாலும் கீழ் மலைகளிலிருந்து வரும் ராய், தமாங் இனத்தவர். உயரம் அவருக்கும் புதிது, தலைவலி அவருக்கும் வரும், சொன்னால் கூலி போய்விடும் என்று சொல்ல மாட்டார். அவருக்குக் குளிர்க்கோட்டு இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று லுக்லாவிலேயே கேட்டுவிடுங்கள். துக்லா மேட்டில் இறந்துபோன மலையேறிகளுக்கு எழுப்பிய கல் நினைவிடங்கள் வரிசையாக நிற்கின்றன, அங்கே ஷெர்பா பெயர்களையும் படித்துப் பாருங்கள். 2014 ஏப்ரல் 18 பனிச்சரிவில் கும்பு பனியருவியில் இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள்.

குப்பை விஷயத்தில் அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் சும்மா இல்லை. கண்ணாடி பாட்டிலை 1998லேயே தடை செய்தார்கள். குப்பையைச் சேகரிக்க உள்ளூர்க்காரர்கள் 1991இல் தொடங்கிய அமைப்பு இன்றும் நடக்கிறது. திரும்பும் வழியில் நசுக்கிய குப்பை ஒரு கிலோ பையை நாம்சேயிலிருந்து லுக்லாவுக்கு நீங்களே கொண்டுவந்து கொடுக்கிற திட்டமும் இருக்கிறது, எடுத்து வாருங்கள், கனமே தெரியாது. அதே சமயம் 2024 ஆகஸ்டில் மேலே பனி ஏரி உடைந்து தாமே கிராமம் வெள்ளத்தில் சிக்கியது, டென்சிங் வளர்ந்த ஊர் அது. குப்பை பொறுக்கி அதைத் தடுக்க முடியாது.

கோர்ஸ் என்பது முற்றிலும் வேறு சமாச்சாரம். டார்ஜிலிங்கின் ஹெச்.எம்.ஐ. (ஹிமாலயன் மவுண்டனீயரிங் இன்ஸ்டிடியூட்) 1954இல், டென்சிங் எவரெஸ்ட் ஏறிய மறு வருடம் ஆரம்பித்தது. உத்தரகாசியின் நிம் (நேரு மவுண்டனீயரிங் இன்ஸ்டிடியூட்) 1965. மணாலியிலும் பஹல்காமிலும் இதே மாதிரி உண்டு. அடிப்படைப் பயிற்சி நாலு வாரம்: முடிச்சுகள், பாறை ஏறுதல், கயிற்றில் இறங்குதல், கிராம்பான் போட்டுப் பனியில் நடத்தல், வழுக்கினால் ஐஸ் ஆக்ஸைக் குத்தி நிற்பது. அரசு நிறுவனங்கள் என்பதால் கட்டணம், சாப்பாடு, தங்குமிடம், சாமான்கள் எல்லாம் சேர்த்தும் மற்ற இரண்டையும் விட மிகக் குறைவு. ஆனால் உங்கள் மூட்டையை நீங்களேதான் தூக்கவேண்டும். கிளிமஞ்சாரோவில் நாலு பேர் செய்த வேலையை இங்கே ஒரே முதுகு செய்யும், அந்த ஒரு காரணத்துக்காகவே இதை முதலில் வைக்கிறேன். விடிகாலை உடற்பயிற்சி, வரிசையில் நின்று தட்டு வாங்குவது, ஒருவர் தாமதமாக வந்தால் மொத்த ரோப்புக்கும், அதாவது ஒரே கயிற்றில் ஏறும் குழுவுக்கும் தண்டனை, பட்டாள வாடை தூக்கலாக இருக்கும். சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் ஹிந்தியில். நம் ஆட்கள் இதற்குத்தான் தயங்குகிறார்கள். முடிச்சு போடுவதைக் கண்ணால் பார்த்தே கற்றுவிடலாம், ஆனால் மேலே இருந்து கத்துகிற கட்டளை புரியாவிட்டால் ஆபத்து, நாலைந்து வார்த்தையை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

ஹெச்.எம்.ஐ. கோர்ஸ் சிக்கிமில் யுக்சோமிலிருந்து சோங்ரி வழியாக சௌரிகாங் வரைக்கும் போகும், ஏறக்குறைய 4,450 மீட்டர். அந்தப் பக்கம் கஞ்சன்ஜங்கா மலைதான் காவல் தெய்வம். 1955இல் முதலில் ஏறிய ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்குப்படி உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள், பின்னால் வந்தவர்கள் பலரும் அதைக் கடைப்பிடித்தார்கள். 2001இல் சிக்கிம் அரசு தன் பக்கத்திலிருந்து அதில் ஏறுவதற்கே தடை போட்டது. தொடக்கூடாத உச்சி என்று ஒன்று இருக்கிறது என்பதை மலையேற்றம் கற்கிற இடத்திலேயே தெரிந்துகொள்வது நல்லதுதான்.

ஆபத்தை மறைக்கக்கூடாது. 2022 அக்டோபர் 4இல் திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில் நிம் மேல்நிலைக் கோர்ஸ் அணி பனிச்சரிவில் சிக்கி குறைந்தது 27 பேர் இறந்தார்கள், அதே வருடம் எவரெஸ்ட் ஏறிய பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அதில் ஒருவர். அடிப்படைக் கோர்ஸ் அவ்வளவு செங்குத்தான இடத்துக்குப் போவதில்லை, ஆனாலும் அரசு நிறுவனம், அதனால் பயமில்லை என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். இடம் கிடைப்பது இன்னொரு தலைவலி, மாதக்கணக்கில் முன்னாலேயே நிரம்பிவிடும். வயது வரம்பு பொதுவாக 40, மருத்துவச் சான்று கட்டாயம்.

45ஐத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள், மருத்துவரைப் பார்த்துவிட்டு எவரெஸ்ட் அடிவாரம் போகலாம், 14 நாளாக நீட்டிப் போங்கள். டயாமாக்ஸ் மாத்திரை உயரத்துக்குப் பழகுவதற்குக் கைகொடுக்கும், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்காமல் போடக்கூடாது. பத்து நாள்தான் லீவு என்றால் மூன்றுமே வேண்டாம். உத்தராகண்டில் நாலாயிரத்துக்குக் கீழே ஏதாவது குளிர்கால ட்ரெக் போய்வாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் உச்சியில் நின்று போட்டோ எடுத்தே ஆகவேண்டும், கிளிமஞ்சாரோதான் என்றால், ஏப்ரல் மே மழையை விட்டுவிட்டு ஜனவரி பிப்ரவரி அல்லது ஜூன் முதல் அக்டோபர் வரைக்கும் பாருங்கள். கம்பெனிக்கு எழுதும் முதல் மெயிலில் மூன்று கேள்வி போதும்: லெமோஷோவில் எத்தனை ராத்திரி, போர்ட்டருக்கு நாள் கூலி எவ்வளவு, அவர்கள் எங்கே படுப்பார்கள். முதல் கேள்விக்கு மட்டும் பதில் அனுப்புகிறவர்களை விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பாருங்கள், மலையடிவாரத்து மோஷி ஊரில் ட்ரெக் கம்பெனிக்குப் பஞ்சமே இல்லை.